ஜெனிட்டாவுக்குக் கஸ்பார் காட்டிய கடல் கேமரா

தூத்துக்குடியில் உப்புக்கு அடுத்தபடியாக அதிகம் விளைவது எது என்று கேட்டால், பீச் ரோட்டுக்காரர்கள் யோசிக்காமல் கஸ்பார் கொரேராவின் வாயைக் காட்டுவார்கள். உப்புக்காவது மழைக்காலத்தில் ஓய்வு உண்டு. கல்யாணம், மாதா கோயில் புதுநன்மை, வீடு புகுதல் என்று எல்லாவற்றுக்கும் படம் எடுக்கிற ஸ்டுடியோக்காரர் அவர். கேமராவும் விற்பார். என்றைக்கோ ஒரு நாள் கடலடியில் படம் எடுக்கிற கேமரா ஒன்றையும், தண்ணீர் புகாமல் அதை மூடிவைக்கிற கவசப் பெட்டியையும் வாங்கிப் போட்டார். அன்றிலிருந்து கரையில் நடக்கிற விஷயங்களைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

அந்த மனிதரிடம்தான் ஒரு சனிக்கிழமை ஜெனிட்டா போய் மாட்டினாள். உப்புக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். போன வருஷம் ஸ்கூபா பழகியதிலிருந்து கடலுக்குள் பார்த்ததை மேலே வந்து யாரிடம் சொன்னாலும் நம்பாமல் தலையாட்டுகிறார்களே என்று அவளுக்கு ஒரே ஆற்றாமை. மறுநாள் காலையில் பவளப்பாறைக்குப் படகு போகிறது. தண்ணீர் தெளிவாக இருக்கிற காலம் முடியப்போகிறது. இந்த வருஷத்துப் போனஸ் மொத்தமும் கேமராவுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தாள். தப்பானதை வாங்கிவிட்டால் அடுத்த போனஸ் வரைக்கும் கண்ணால் மட்டும்தான் படம் எடுக்க வேண்டும்.

"முதல் கேமரா அண்ணாச்சி. சின்னதா, ஒரு கையில பிடிக்கிற மாதிரி இருந்தாப் போதும்," என்று கண்ணாடி அலமாரியில் சின்னக் கவசப் பெட்டியோடு இருந்த ஒன்றைக் காட்டினாள்.

கஸ்பார் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உள்ளே போய்த் தன்னுடைய கவசப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிவந்து மேஜையில் வைத்தார். முன்னால் பெரிய கண்ணாடிக் குமிழ். பக்கத்துக்கு ஒன்றாக நீண்ட கைகள், கை நுனியில் ஆளுக்கொரு பிளாஷ் விளக்கு. மேஜை ஒரு தடவை முனகிவிட்டு அமைதியானது.

"சின்னதுல பழகிப் பெருசுக்குப் போறதெல்லாம் குளத்துல முங்குதவனுக்கு. நீ கடல்ல இறங்குத பிள்ள. இத எடுத்துக்க, நான் தாரேன்."

பக்கத்து மக்ரூன் கடைச் செண்பகராமன் இந்தச் சத்தம் கேட்டதும் தன் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து வாசலில் சாய்ந்துகொண்டார். கஸ்பார் சொல்வதில் ஒன்றையும் நம்பக் கூடாது என்பது அவர் கொள்கை. அதற்காகவே ஒன்றுவிடாமல் கேட்பார்.

"ஆழம் போகப் போக மொதல்ல செவப்பு நிறம் மறைஞ்சிரும், தெரியும்லா?" என்று தொடங்கினார் கஸ்பார். ஜெனிட்டாவின் பயிற்சியாளரும் இதைச் சொல்லியிருந்தார். கஸ்பார் அன்றைக்குச் சொன்ன ஒரே உண்மை அதுதான். "அந்தச் செவப்பக் கொண்டாரதுக்குத்தான் இந்த விளக்கு. முயல் தீவுக்கு அங்கிட்டு இறங்கி ஒரு தட்டுத் தட்டினேன் பாத்துக்க. பாறைக்குச் செவப்பு வந்துச்சு, மீனுக்கு வந்துச்சு, அப்பவும் மிச்சம் இருந்துச்சு. அது எங்க போகும்? மேல படகுல நின்னவரு வேட்டியில ஏறிருச்சு."

"அந்த வேட்டி இப்ப எங்க?" என்றார் செண்பகராமன்.

"கட்சிக்காரங்க வந்து கொடிக்குன்னு வாங்கிட்டுப் போயிட்டாங்க."

ஜெனிட்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மீன்கிட்டப் போனா ஓடிருதே அண்ணாச்சி," என்றாள். அவளுடைய உண்மையான கவலை அது.

"போற விதமா போகணும். ஒரு களவா மீனுக்கு நான் எம்புட்டுக் கிட்டப் போனேன்னா, அது விட்ட மூச்சு கண்ணாடியில படிஞ்சு படம் மங்கிருச்சு. பொறவு அதுவே வாலால தொடச்சு விட்டுச்சு. தொடச்சிட்டு, இடது பக்கமா எடுங்க, வலது பக்கம் எனக்கு அமையாதுன்னு திரும்பி நின்னுச்சு."

"மீன் பேசிச்சாக்கும்," என்றார் செண்பகராமன்.

"என்ன செண்பகம், விவரமில்லாமக் கேக்க. தண்ணிக்குள்ள வாயத் தொறந்து பேச முடியுமா? சாடைதான்."

ஜெனிட்டா கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். மணிக்கட்டு வலித்தது. இரண்டு விளக்கு, இத்தனை பொத்தான், எதை எப்போது அமுக்குவது என்று கேட்டாள்.

"நான் எங்க அமுக்கினேன்? ஒரு பேய்க்கணவாயப் பழக்கி வச்சிருந்தேன். எட்டுக் கையாலயும் அது பாத்துக்கிடும். நான் சும்மா நிப்பேன். சம்பளமா நம்ம செண்பகம் கடை மக்ரூன்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். ஒரு கடி கடிச்சிட்டு ஓரமாத் தள்ளி வச்சிருச்சு."

செண்பகராமனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "தள்ளி வச்சுதா? முந்திரியும் முட்டை வெள்ளையும் தவிர நாங்க என்ன போடுதோம்? அந்தக் கணவாய்க்கு நல்ல பண்டம் தின்னு பழக்கமில்ல, அதச் சொல்லும்," என்றார். அவர் கொள்கை கணவாயோடு தண்ணீரில் போனதை அவர் கவனிக்கவில்லை.

கஸ்பாருக்கு அது போதும். குரலை இறக்கினார். "கடைசியா ஒண்ணு சொல்லுதேன், வெளிய சொல்லாத. ஒருநா திமிங்கலச் சுறா ஒண்ணு குடும்பத்தோட வந்து நின்னுச்சு. எல்லாரும் படத்துல தெரியணும்னு பின்பக்கமாவே நகந்து போனேன். போய்க்கிட்டே இருந்தேன். அப்புறம் அமுக்கினேன். இந்தக் கண்ணாடியில சுறா குடும்பம் மொத்தமும் விழுந்துச்சு. பக்கத்துல இலங்கை விழுந்துச்சு. ஓரத்துல யாரோ கருப்புச் சட்டைக்காரன் தெரியுதானேன்னு உத்துப் பாத்தா, என் முதுகு."

"படத்தக் காட்டும்."

"பிரிண்ட் போட்டா மாட்டுததுக்கு இந்த ஊர்ல சுவர் கிடையாது செண்பகம்."

சும்மா சொல்லக்கூடாது, ஜெனிட்டாவுக்கு ஆசை வந்துவிட்டது. புளுகுகிறார் என்று நன்றாகத் தெரிந்தும், அந்தக் கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு சுறாவைப் பிடித்துவந்து கம்பெனியில் எல்லார் முகத்துக்கு நேராகவும் நீட்ட வேண்டும் போலிருந்தது. கை பணப் பைக்குப் போய்விட்டது. அப்போது பயிற்சியாளர் சொன்னது ஞாபகம் வந்தது. எந்தப் பெட்டியாக இருந்தாலும் கேமராவை வைக்காமல், ஒரு டிஷ்யூ காகிதத்தை மட்டும் உள்ளே போட்டு மூடி முதலில் தண்ணீரில் முக்கிப் பார்க்க வேண்டும். காகிதம் நனையாவிட்டால்தான் கேமரா உள்ளே போகலாம்.

"ஒரு வாளித் தண்ணி கிடைக்குமா அண்ணாச்சி?"

"கடலையே பாத்த பெட்டி பிள்ள இது. வாளியில முக்கினா அதுக்குக் கேவலம்," என்றார் கஸ்பார். ஆனால் செண்பகராமன் அதற்குள் தன் கடையில் மாவுப் பாத்திரம் கழுவுகிற பெரிய வாளியை நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டார். மக்ரூனுக்கு நேர்ந்த அவமானம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

ஜெனிட்டா பெட்டியைத் திறந்தாள். மூடி பொருந்துகிற இடத்தில் ஓடுகிற ரப்பர் வளையத்தை விரலால் தடவினாள். முகர்ந்து பார்த்தாள். அதற்கென்று விற்கிற சிலிகோன் பசையைத்தான் கண்ணில் படாத அளவுக்குப் பூச வேண்டும். இதில் வேறு வாசனை வந்தது.

"தேங்கா எண்ணெயா அண்ணாச்சி?"

"உப்புத் தண்ணில முங்கி எந்திரிக்கிற உடம்பு. எண்ணெய் தேச்சு விடாட்டா சளி பிடிச்சிரும்லா."

அவள் உள்ளே இருந்த கேமராவை எடுத்து மேஜையில் வைத்தாள். விளக்குக் கைகளைக் கழற்றினாள். காகிதத்தைப் போட்டு, மூடி, பெட்டியை வாளிக்குள் அமுக்கிப் பிடித்தாள். கொஞ்சம் பொறுத்து ஓரத்தில் ஒரு குமிழி கிளம்பியது. அப்புறம் ஒரு கொத்து. அப்புறம் அடுப்பில் வைத்த உலைபோல விடாமல் வந்தது.

"அந்தமான் காத்து," என்றார் கஸ்பார். "போன தடவ போனப்ப உள்ள மாட்டிக்கிட்டது. இப்பத்தான் விடுதலையாகுது."

ஜெனிட்டா பெட்டியை வெளியே எடுத்தாள். கண்ணாடிக் குமிழில் பாதிக்குத் தண்ணீர் ஆடியது. காகிதம் கஞ்சியாகி மிதந்தது. செண்பகராமன் கைகளைக் கட்டிக்கொண்டு, இந்த மனுஷன் இனி என்ன சொல்லித் தப்பிப்பான் என்று காத்திருந்தார். இதே நாளைக்குக் கடலில் நடந்தால் போனஸ் மொத்தமும் தண்ணீரில் போயிருக்கும் என்று ஜெனிட்டா கணக்குப் போட்டாள்.

கஸ்பார் அசரவில்லை. பெட்டியை வாங்கித் துண்டால் துடைத்தார். தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்து, ஒரு குலுக்குக் குலுக்கிக் காட்டினார்.

"பாத்தியா பிள்ள, உள்ள போன தண்ணியில ஒரு சொட்டு வெளிய வருதா? அம்புட்டு டைட்டு."

ஜெனிட்டா குனிந்து பெட்டியின் அடியை ஒரு தடவை பார்த்தாள்.

"வரல அண்ணாச்சி. ரெண்டு மீன் வாங்கி உள்ள விட்டுருங்க, கடைய விட்டு எந்திரிக்காமலே நீங்க படம் எடுத்துக்கிடலாம். எனக்கு அந்தச் சின்னத எடுங்க. வாளிய எடுத்துராதீங்க, அதோட பெட்டியையும் முக்கிப் பாக்கணும்."