சுவரில்லாத மூன்று பங்கு

ஒரு காட்டில், மூங்கில் புதருக்கடியில் வளை தோண்டி, மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு தாய் எலி இறந்துபோனாள். பிள்ளைகள் பதினாறு நாள் நன்றாக அழுதார்கள், குழந்தைகளே. பதினேழாம் நாள் பாகப்பிரிவினை.

வளைக்கு முன்பக்கம் ஒரு வாசல். நடுவில் மூங்கிலரிசி நிறைந்த களஞ்சியம். பின்பக்கம், ஆபத்தென்றால் தப்பி ஓடுவதற்கு, இலைகளால் மூடிய ஓர் ஓட்டை.

"வாசல் எனக்கு," என்றான் மூத்தவன் செவலையன். அவனுக்குக் கௌரவம் பெரிது. "யார் வந்தாலும் மூத்தவனைத்தானே முதல்ல தேடுவாங்க."

"பின் ஓட்டை எனக்குப் போதும்ணே," என்றான் சின்னவன் பூளையன். அவனுக்கு உயிர் பெரிது.

நடுவில் பிறந்த மிளகிக்கு வயிறு பெரிது. கூடப்பிறந்தவர்கள் இத்தனை அசடா என்று அவளுக்கே சங்கடமாக இருந்தது. "மிச்சத்தை நான் எடுத்துக்கிறேன்," என்றாள் அடக்கமாக.

அன்றே மண் குழைத்து இரண்டு சுவர் எழுப்பினார்கள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று ஊரே சொல்கிறது. எலிகளே அதைக் கேட்காவிட்டால் எப்படி?

மிளகி வயிறு முட்டத் தின்றாள். காலாற நடந்துவரலாம் என்று எழுந்தபோதுதான் தெரிந்தது, அவள் பங்கில் வழியே இல்லை.

"அண்ணே, உன் பக்கமா கொஞ்சம் வெளியே போயிட்டு வரேன்."

"என் பங்குல உனக்குப் பாதை கிடையாது," என்றது சுவருக்கு அப்பாலிருந்து குரல்.

"தம்பி?"

"பேசி முடிச்சது முடிச்சதுதான்க்கா."

மிளகிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே இன்னும் கொஞ்சம் தின்றாள்.

மூன்றாம் நாள் வாசலில் அரவம் கேட்டது. செவலையன் மீசையை நீவிக்கொண்டு எழுந்து போனான். வந்தது சாரைப்பாம்பு. மூத்தவனைத்தான் முதலில் தேடியது.

செவலையன் ஓடிவந்து சுவரில் முட்டினான். "மிளகி, சுவரை இடி. பாம்பு வந்திருக்கு."

'என் பங்குல உனக்குப் பாதை கிடையாது' என்பது அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அம்மா செத்த அன்று அழுத அதே குரலில் அண்ணன் கூப்பிட்டான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. பல் தேயக் கடித்துச் சுவரைத் துளைத்தாள். வால் நுனியைப் பாம்பிடம் விட்டுவிட்டு அவன் உள்ளே வந்து விழுந்தான்.

"தம்பி, அந்தப் பக்கமிருந்து நீயும் தோண்டு," என்று இருவரும் அடுத்த சுவரில் தட்டினார்கள். பாம்பு என்ற சொல் காதில் விழுந்தபோதே பூளையன் போய்விட்டிருந்தான். தாங்களே கனமாக வைத்த சுவரைத் தாங்களே உடைத்து, இருவரும் பின் ஓட்டை வழியாக உயிர் தப்பினார்கள்.

சாயங்காலம் மழையில் நனைந்தபடி மூவரும் ஒரே புதரில் ஒண்டிக்கொண்டு, வீட்டை எட்டிப் பார்த்தார்கள். பாம்பு கால் நீட்டாத குறையாகப் படுத்திருந்தது. தலை மூத்தவன் பங்கில், வயிறு மிளகி பங்கில், வால் சின்னவன் பங்கில்.

நீதி: வீட்டைப் பங்கு போடலாம், வீட்டின் காவலைப் பங்கு போட முடியாது.