ஆளைத் தூக்கும் புகை

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணுகிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் பல்லெல்லாம் இப்போதே கொட்டட்டும்!

குழிமேட்டுப்பட்டி வையாபுரி, வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். கூடவே மச்சினன்மார் காத்தமுத்துவும் சடையனும். வழியோடு போன மெக்கானிக் அந்தோணி எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, கதவைச் சாத்திட்டு இன்ஜினை ஓட்டாதீங்க. கார்பன் மோனாக்சைடு வரும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. சத்தமில்லாம ஆளைத் தூக்கிரும்."

அவர் தலை மறைந்ததும் வையாபுரி இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"எந்த சைடுல வரும்னு கேக்காம விட்டுட்டோமே மச்சான்" என்றான் சடையன்.

"சைடாடா முக்கியம்? ஆளைத் தூக்குமாம்! என் உடம்பையே தூக்கும்னா நீயெல்லாம் எம்மாத்திரம்?"

தீர யோசித்து, மூவரும் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைக் கொட்டகைக் கதவில் முடிந்தார்கள். தேக்குக் கதவு. எந்தப் புகைக்கும் அசையாது என்பது வையாபுரியின் நம்பிக்கை. இன்ஜினை உதைத்துக் கிளப்பினார். வெளியே அடைமழை, சாரல் உள்ளே அடித்தது.

"கதவைச் சாத்திருவோமா மச்சான்?" என்றான் காத்தமுத்து.

"சாத்திட்டு ஓட்டாதேன்னுதானே அந்தோணி சொன்னான்? நாம ஓட்டிட்டுல்ல சாத்துறோம்!"

அந்த நுணுக்கத்தை மெச்சிக்கொண்டே சாத்தினார்கள்.

கொஞ்ச நேரத்தில் வையாபுரிக்குத் தலை கனத்தது. குமட்டியது. தரை நழுவுகிற மாதிரி இருந்தது.

"மச்சான், தூக்குது!" என்று கத்தினான் சடையன்.

"கயித்தை விடாதே மாப்ளே! ஒரு கை பாத்துருவோம்!"

சொல்லி முடிப்பதற்குள் அவர் முழங்கால் மடங்கியது. மூவரும் ஒரே பக்கமாகச் சாய்ந்த வேகத்தில், துருப்பிடித்த கீல் பிய்ந்து, கதவு மடாரென்று வண்டிமேல் விழுந்தது. இன்ஜின் நின்றது. மழைக்காற்று உள்ளே பாய்ந்தது. ஓடிவந்த வையாபுரி பெண்சாதி தெய்வானை, புருஷனையும் தம்பிகளையும் கதவோடு சேர்த்துத் தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் வைத்த பிறகுதான் மூவருக்கும் தெளிந்தது.

"கொஞ்சம் பிந்தியிருந்தா மேலே போயிருப்பீங்கய்யா!" என்றார் டாக்டரம்மா.

"அதுக்குத்தானேம்மா கயிறு கட்டினோம்" என்றார் வையாபுரி, பணிவாக.

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "இனிமே வெட்டவெளியில வச்சு மட்டும் ஓட்டுங்க!"

வீடு வந்ததும் ஆலோசனை கூடியது.

"வெட்டவெளியில கூரை கிடையாதே மச்சான். தூக்குச்சுன்னா எங்க போய் முட்டி நிப்போம்?"

நியாயமான கேள்வி. ஆகவே கொட்டகைத் தகரம் அத்தனையும் கழற்றி, எதிரே கிடந்த பொட்டலில் நாலு பக்கமும் அடைத்து, கூரையும் போட்டார்கள். வண்டியை உள்ளே தள்ளப் போன வையாபுரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"டேய், இதைப் பாத்தா வெட்டவெளி மாதிரி தெரியலையே?"

சடையன் நாலாபக்கமும் பார்த்தான். பழைய கொட்டகை இருந்த இடம் மொட்டையாகக் கிடந்தது.

"அதோ இருக்கு மச்சான்! நம்ம வீட்டுப் பின்னாடியே இத்தனை நாளா இருந்திருக்கு!"

வண்டியை அங்கேயே உருட்டி வந்துவிட்டார்கள். புதுக் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டு ஒரு பலகையும் மாட்டியாயிற்று: 'யாரும் ஏமாற வேண்டாம், இது வெட்டவெளி அல்ல.'

இதை யார் சொன்னது என்று மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள். கேட்டால், காற்றுவாக்கில் வந்தது என்று சொல்லிவிடுங்கள்.