காலிப் பக்கம்

“வாயால இல்லைன்னு சொல்லாதே. சொன்னா…”

சொன்னால் என்ன ஆகும் என்றும் தணிகாசலத்தின் பெரியப்பா சொல்லியிருந்தார். இருபது வருஷம் ஷார்ஜாவில் இருந்துவிட்டுத் திரும்பியதில் மீதி மறந்துபோயிற்று.

இப்போது அவர் ஒரு கேஸ் குடோனின் பாதுகாப்பு அதிகாரி. அன்று காலை, கேட்டுக்கு வெளியே இருந்த கேன்டீனுக்கு வந்து நின்றார். சட்டைப்பையில் ராஜினாமாக் கடிதம்.

உள்ளே வேதவல்லி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவரைவிடப் பத்து வயது இளையவள். முன்பு பால்வாடி நடத்தியவள். அதனால் குடோன் முழுக்க அவள் ‘டீச்சர்’தான்.

“டீச்சர், லோடுமேன் சவரியைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன் சார். கையில கட்டு. ஒரு பக்கம் புருவம் பொசுங்கிப்போச்சு.”

“காலி சிலிண்டர் மேல உட்கார்ந்து பீடி பத்த வெச்சிருக்கான். வால்வைச் சரியா அடைக்கலை. மூடியும் போடலை.”

அவள் கழுநீரை வடித்தாள்.

“காலியிலயும் கேஸ் தங்கும்னு எத்தனை தடவை சொல்றது? பெருங்காய டப்பா மாதிரின்னுகூடச் சொல்லிப் பார்த்தேன். அன்னிலேர்ந்து என் பேரே பெருங்காயம்.”

“கேள்விப்பட்டேன்” என்றாள். சிரிப்பை அடக்கியது தெரிந்தது.

“முழு சிலிண்டர்னா கைக்குழந்தை மாதிரி தூக்கறாங்க. நிக்க வெச்சு சங்கிலி போடறாங்க. காலின்னா உருட்டி விடறாங்க. கேட்டா, ‘அது காலிதானே சார்’.”

“போர்டு வெச்சீங்களே?”

“ரெண்டு மொழியில. ‘காலி சிலிண்டர்களையும் நிறைந்த சிலிண்டர்களாகவே கருதவும்.’ யாரு கருதினா? அடுத்த தடவை கையோட போகாது டீச்சர். உசுரு போகும். அதை என்னால பார்க்க முடியாது. நான் என்ன செய்யணும்?”

அவள் அரிசித் தகரத்தைச் சாய்த்து உலைக்கு இன்னும் கொஞ்சம் அள்ளினாள். அடியில் ஒரு பிடி இருந்தது. அதை எடுக்கவில்லை. தகரத்தை நிமிர்த்தி வைத்து, மூடியை அழுத்திப் போட்டாள்.

பிறகு, லாரியில் ஏறவிருந்த டிரைவரைக் கூப்பிட்டாள்.

“அழகரு! அரிசி நிறைஞ்சிருக்கு. வரும்போது ஒரு மூட்டை போட்டுட்டு வா.”

“சரி டீச்சர்!”

தணிகாசலம் விழித்தார். “நிறைஞ்சிருந்தா மூட்டை எதுக்கு?”

“ஷார்ஜா சோறு மறக்கடிச்சிடுச்சா சார்? தீர்ந்ததை வீட்டுல வேற எப்படிச் சொல்லுவாங்க?”

“அவனுக்குப் புரிஞ்சுதா?”

“மூட்டை வரும், பாருங்க.”

அவர் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து நின்றது. மூடி போட்டிருந்தது.

“டீச்சர், சாக்பீஸ் இருக்கா?”

“அது நெஜமாவே நிறைய இருக்கு.”

கேட்டுக்குள் போனார். முழு சிலிண்டர்கள் நின்ற பக்கத்துப் பலகையில் ‘புதுசு’ என்று எழுதினார். மறுபக்கப் பலகையில் ‘காலி’யை அழித்தார். ‘நிறைஞ்சிருக்கு’ என்று எழுதினார்.

இன்னும் கிளம்பாத அழகர் உள்ளே வந்து எட்டிப் படித்தான். “என்ன சார், இது அரிசிப் பானையா?”

“ஆமா.”

அவன் உரக்கச் சிரித்தான். சிரித்துக்கொண்டே, உருண்டு கிடந்த ஒரு சிலிண்டரை நிமிர்த்தினான். அதன் மூடியைத் தேடினான்.

தணிகாசலம் கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளை ராஜினாமாக் கடிதத்தில் துடைத்துக்கொண்டார்.