மானுக்கு எந்தத் தோட்டா?

ஒன்ராறியோவின் வடக்கில், மரம் அறுக்கும் ஆலை ஒன்றை நம்பியிருந்த சின்ன ஊரில் மங்களேஸ்வரி ரீச்சர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே வந்து மான் வேட்டை பழகினார். பிறகு மற்றவர்களுக்கும் பழக்கினார். ரொறன்ரோவிலிருந்து தமிழர்கள் விடியவே கார் எடுத்துக்கொண்டு அவரிடம் வருவார்கள். வயதில் மூத்தவர்களும் அவரை ரீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

மான் வேட்டைக் காலம் தொடங்கிய அன்று காலை தயாபரன் வந்தார். ரீச்சரை விட வயதில் மூத்தவர். வந்ததும் வராததுமாகச் சாப்பாட்டு மேசையில் மூன்று பெட்டிகளை வைத்தார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தோட்டாவை எடுத்து நிமிர்த்தி வைத்தார். மூன்றும் குட்டையாக, தடிப்பாக இருந்தன.

"ஷோர்ட் மக்னம், ரீச்சர். இதுக்கெண்டு புதுத் துவக்கும் வாங்கியிட்டன்."

"பழைய துவக்குக்கு என்ன வந்தது?"

"அது பலம் காணாது. இது உயரம் கட்டை, வயிறு பெரிசு. வெடிமருந்து கூடப் பிடிக்கும்."

"உங்களைப் போல," என்றார் ரீச்சர்.

தயாபரன் சிரிக்கவில்லை. ஒரு தோட்டாவைத் தொட்டார். "இது பாரம் குறைவு, வேகம் கூட. இது நடுத்தரம். மற்றது பாரம், எலும்பையும் உடைச்சுக்கொண்டு போகுமாம். மானுக்கு எது நல்லது?"

"மானைக் கேட்டனீங்களோ?"

"பகிடி விடாதேங்கோ, ரீச்சர். நான் நித்திரை கொண்டு ஒரு வருசம்."

ரீச்சர் தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். தயாபரன் அதைத் தொடவில்லை.

போன வருடம் இதே ஊர்க் காட்டில் அவர் ஒரு பெண் மானைச் சுட்டார். மான் துள்ளி ஓடியது. நின்ற இடத்தில் கொஞ்ச இரத்தம் கிடந்தது. சிறிது தூரம் போக அதுவும் இல்லை. இருட்டும் வரை தேடினார். அடுத்த நாளும் வந்து தேடினார். அன்றிரவு பனி கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

"எங்கையோ கிடந்து அணு அணுவாச் செத்திருக்கும்," என்றார். "மனுசி சொல்லிப்போட்டா, இனி இந்த வீட்டுக்கு மான் இறைச்சி வேண்டாமெண்டு. நானும் யோசிச்சிட்டன். பட்ட இடத்திலயே விழுத்துற தோட்டா ஒண்டைக் காட்டுங்கோ. இல்லாட்டி ரெண்டு துவக்கையும் வித்துப்போட்டு இருக்கிறன்."

"மான் எவ்வளவு தூரத்தில நிண்டது?"

"எழுபது யார் தூரம் வரும்."

"இது நல்ல தோட்டாதான். தூரம் போகும், நேராப் போகும். எழுபது யார் தூரத்துக்கு உங்கட பழசும் காணும்."

"பிறகேன் விழேல்லை?"

ரீச்சர் எழுந்தார். அலுமாரிக்கு மேலிருந்த பழைய பிஸ்கட் ரின்னை எடுத்தார். "புதுத் துவக்கைக் கொண்டு வாங்கோ," என்றார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு வயல். அதன் முடிவில் உயரமான மண் மேடு. மேட்டில் ரீச்சர் ஒரு கடதாசித் தட்டைக் குத்தி வைத்தார். இரண்டு பேரும் காதுகளை மூடிக்கொண்டார்கள். ரீச்சர் முதுகைக் காட்டியபடி நின்று துவக்கில் தோட்டாவைப் போட்டார். தயாபரனிடம் கொடுத்தார்.

தயாபரன் சுட்டார். துவக்கு அவரை ஒரு அடி பின்னால் தள்ளியது. குண்டு தட்டுக்குக் கீழே மண்ணில் போய்ப் புதைந்தது.

ரீச்சர் துவக்கை வாங்கினார். திரும்பவும் முதுகைக் காட்டியபடி போட்டார். திரும்பவும் கொடுத்தார்.

தயாபரன் குறி பார்த்தார். விசையை இழுத்தார்.

டிக் என்றது. வெடிக்கவில்லை. ஆனால் கோழி கொத்துவது போலக் குழல் நிலத்தைப் பார்த்துக் குனிந்தது. தயாபரனின் இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன.

அவர் கண்ணைத் திறந்து, கீழே பார்த்துக்கொண்டிருந்த குழலைக் கண்டார்.

"என்ன நடந்தது?" என்று கேட்டார் ரீச்சர்.

"வெடிக்கேல்லை."

"அது எனக்குத் தெரியும். ரின்னுக்குள்ள இருந்த மருந்தில்லாத தோட்டா. நான்தான் போட்டனான். என்ன நடந்தது?"

"குனிஞ்சிட்டுது."

"ஆர் குனிஞ்சது?"

தயாபரன் குழலை நிமிர்த்தினார். "நான்," என்றார். பிறகு சொன்னார், "ஆனா சத்தத்துக்குப் பழகினவன், ரீச்சர். ஊரில நாங்கள் கேக்காத சத்தமோ?"

"பழகேல்லை, அண்ணை. கேட்டனீங்கள், அவ்வளவுதான்."

காற்று வயலைக் கடந்து போனது. தயாபரன் துவக்கைப் பக்கத்தில் கிடந்த வைக்கோல் கட்டின் மேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து காசுப் பையை எடுத்து, அதற்குள் மடித்து வைத்திருந்த கண்ணாடித் தாளை விரித்தார். உள்ளே ஒரு பிடி மயிர் இருந்தது.

"அண்டைக்கு அது நிண்ட இடத்தில கிடந்தது," என்றார். "எறிய மனம் வரேல்லை."

ரீச்சர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் பிரித்துப் பார்த்தார்.

"நீங்கள் எங்க குறி வைச்சனீங்கள்?"

"நெஞ்சுக்கு. முன்னங்காலுக்குப் பின்னால."

"அந்த இடத்தில மயிர் என்ன நிறம்?"

"மண்ணிறம்."

"இது?"

தயாபரன் குனிந்து பார்த்தார். ஒரு வருடமாகக் காசுப் பையில் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்ப்பது போலப் பார்த்தார். "வெள்ளை," என்றார்.

"வெள்ளை மயிர் மானுக்கு எங்க இருக்கும்?"

"வாலுக்கு அடியில. தொண்டையில." நிறுத்தினார். "அடி வயித்தில."

"குழல் குனிஞ்சிருக்கு. குண்டு வயித்துக்குக் கீழால உரசிக்கொண்டு போயிருக்கு. அதுதான் இரத்தம் கொஞ்சத்தோட நிண்டிட்டுது. குடலில பட்டிருந்தா நாத்தத்திலயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"நாத்தம் ஒண்டும் இல்லை."

"ஓம்."

"அப்ப அது சாகேல்லையோ?"

"மானின்ர சாதகம் எனக்குத் தெரியாது, அண்ணை. ஆனா இந்தக் காயத்துக்குச் சாகத் தேவையில்லை."

தயாபரன் வைக்கோல் கட்டில் இருந்துவிட்டார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடினார். தோள்கள் இறங்கின. ரீச்சர் அவரைப் பார்க்காமல் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் வரை பழகினார்கள். ரீச்சர் சில தரம் மருந்துள்ளதைப் போட்டார். சில தரம் மருந்தில்லாததைப் போட்டார். எது எதென்று சொல்லவில்லை.

"விசையை வெடுக்கெண்டு இழுக்காதேங்கோ. மெல்ல அமத்திக்கொண்டே இருங்கோ. வெடிக்கிறதும் வெடிக்காததும் அதின்ர பாடு."

முதலில் குழல் ஒவ்வொரு தரமும் கொத்தியது. பிறகு ஒன்றுவிட்டு ஒன்று கொத்தியது. பிறகு தட்டில் ஓட்டைகள் விழத் தொடங்கின.

"இப்ப சொல்லுங்கோ, ரீச்சர். இந்த மூண்டுக்குள்ள எது?"

"சாப்பிட வாங்கோ," என்றார் ரீச்சர்.

வெயில் சாயத் தொடங்கியபோது ரீச்சர் மறுபடியும் முதுகைக் காட்டியபடி நின்று துவக்கில் ஒரு தோட்டாவைப் போட்டார்.

"வயல் வேலியடியில போய் இருங்கோ. மான் வந்தா சுடுங்கோ."

"உள்ளுக்க என்ன போட்டிருக்கிறியள்?"

"தோட்டா."

தயாபரனின் முகம் மாறியது. "நான் சுடமாட்டன், ரீச்சர். திரும்பவும் காயப்படுத்தினா?"

"நான் பின்னால இருக்கிறன்," என்றார் ரீச்சர்.

இருவரும் வேலியோரம் இருந்தார்கள். நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு காட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் மான் வந்தது. நின்றது. தலை குனிந்து புல்லைக் கடித்தது. எழுபது யார் தூரம் இருக்கும்.

தயாபரன் துவக்கைத் தூக்கினார். முன்னங்காலுக்குப் பின்னால் மண்ணிறமாகத் தெரிந்த இடத்தைப் பார்த்தார். மெல்ல அமத்தினார். அமத்திக்கொண்டே இருந்தார்.

டிக்.

மான் தலையைத் தூக்கியது. காதுகளைத் திருப்பியது. பிறகு குனிந்து மேயத் தொடங்கியது.

குழல் அசையவில்லை. தயாபரனின் கண்கள் திறந்தபடி இருந்தன. அவர் மூச்சை விட்டார். அது முடியாமல் நீண்டுகொண்டே போனது.

"உள்ளுக்க மருந்து இருக்கெண்டுதான் நான் நினைச்சன்," என்றார் மெதுவாக.

"தெரியும். எண்டாலும் குழல் குனியேல்லை. அதாலதான் மான் விழுந்திட்டுது."

தயாபரன் வயலைப் பார்த்தார். மான் வாலை ஆட்டிக்கொண்டு அடுத்த புல்லுக்குப் போனது. அவருக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

"எந்தத் தோட்டாவுக்கு விழுந்தது, ரீச்சர்?"

ரீச்சர் துவக்கைத் திறந்து, உள்ளே இருந்த மருந்தில்லாத தோட்டாவை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தார்.

"காலமையிலயிருந்து நீங்கள் கேட்டது இதைத்தான்," என்றார்.