குறை வராத நிரல்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. சொன்னவர் பொய் சொல்லுகிற ஆள் அல்ல. இருந்தும் ஏதோ ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. நல்லது நடந்ததாக யார் சொன்னாலும் சந்தேகப்படுகிற வயதுக்கு வந்துவிட்டேனோ என்று என் மேலேயே சந்தேகம் வந்ததும் உண்டு.

சொன்னவர் ஆவுடையப்பன். யுனிக்ஸ் வழிவந்த, கணினியை ஓட்டுகிற ஒரு சிறிய இயங்குதளத்தைச் சம்பளமில்லாமல் பராமரித்துவந்த கூட்டத்தில் ஒருவர். கூட்டம் என்பது பேச்சுக்குத்தான். ஒவ்வொருவராக விலகிப்போய், கடைசியில் ஆவுடையப்பனும், அவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்த தனிஸ்லாஸும்தான் மிஞ்சினார்கள். குரு சீடரைவிட நாலு வயது இளையவர். சீடர் குருவை 'சார்' என்பார். குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார்.

பாளையங்கோட்டையில் தனிஸ்லாஸ் வீட்டு மாடி அறையில்தான் வேலை. ஆடிக் காற்றில் கதவு அறைந்து சாத்திக்கொள்ளும். அதற்கு ஒரு பழைய டேப் இயந்திரத்தை முட்டுக் கொடுத்திருப்பார். கணினித் தகவல்களைக் காந்த நாடாவில் பதிகிற இயந்திரம். எல்லோரும் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டது. செங்கல்லைவிடக் கனம்.

ஒருநாள் ஆவுடையப்பன் அதைத் தாண்டி உள்ளே வந்து, உட்காராமலே சொன்னார்.

"நான் விலகிக்கிடுதேன் சார்."

"காப்பி குடிச்சிட்டு விலகலாமே அண்ணாச்சி."

"விளையாடாதீங்க. நிரல்ல ஒரு பிழையைச் சரிபண்ணினா ரெண்டு பிழை வருது. புதுசா எதையாவது செஞ்சவன் பேரை எல்லாம் புதுப் பதிப்போட வர்ற வெளியீட்டுக் குறிப்புல போடுதோம். நான் செய்யறது மொத்தமும் கடைசி வரியில போயிருது. 'மேலும் சில சிறு திருத்தங்கள்.' இத்தனை வருஷமா ராத்திரி பகலா என்னதான் செய்யுதீங்கன்னு வீட்டுக்காரி கேட்டா. அந்த வரியைக் காட்டினேன்."

"என்ன சொன்னாங்க?"

"சிறுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களேன்னா."

தனிஸ்லாஸ் சிரிக்கவில்லை.

"இது என்னைக்காவது முடியுமா சார்?"

தனிஸ்லாஸ் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"நம்மகிட்ட இருக்கிற நிரல்கள்ல, குறைன்னு ஒரு வரிகூட வராத நிரல் எது? பார்த்துச் சொல்லுங்க."

ஆவுடையப்பன் நின்றபடியே தேடினார். ஒன்றுதான் அகப்பட்டது. டேப் இயந்திரத்தைக் கணினியோடு பேசவைக்கிற டிரைவர். கூட்டத்தில் சேர்ந்த புதிதில் அவரே உட்கார்ந்து திருத்தியது. அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

"அப்ப அது முடிஞ்சுபோன வேலை" என்றார் தனிஸ்லாஸ்.

"முடிஞ்சதாவது! யாருமே பயன்படுத்தலை சார். இன்னைய தேதிக்கு அந்த மெஷினால பிரயோஜனம் உங்க கதவுக்கு மட்டும்தான்."

"நிச்சயமா யாரும் இல்லையா?"

"யாருமே இல்லை."

"அப்ப அந்த நிரலை நீக்கிருங்க. அதுதான் உங்க கடைசி வேலை."

நீக்கினார். நீக்கிய இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று அக்கம்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததையும் வழித்து எடுத்தார். புதிய பதிப்பு வெளியானது. கடைசி வரிக்குள் அதுவும் அடங்கிப்போனது.

இரண்டொரு நாளில் ஒரு மின்னஞ்சல் வந்தது. கேள்விப்படாத பெயர், கேள்விப்படாத ஊர். எங்கோ மலைமேல் ஒரு மழைமானி நிலையம். பழைய மழை அளவுகள் எல்லாம் நாடாவில்தான் இருக்கின்றன. புதிய பதிப்பைப் போட்டதிலிருந்து இயந்திரம் கணினியின் கண்ணிலேயே படவில்லை.

நாம் எடுத்ததை நாமே வைத்துவிட்டுப் போவோம் என்று ஆவுடையப்பன் தன் வீட்டிலேயே உட்கார்ந்தார். வைத்தது ஓடவில்லை. வழித்து எடுத்ததில் எது போயிற்று என்று அவருக்கே பிடிபடவில்லை. ஒன்றைத் திருத்தி அனுப்புவார். 'நாடா பாதி சுற்றி நின்றுவிட்டது' என்று பதில் வரும். வேறொன்றைத் திருத்தி அனுப்புவார். 'பச்சை விளக்கு எரிகிறது, நாடா அசையவில்லை' என்று வரும். கடைசியில் ஒரு பதில் வந்தது: 'வேலை செய்கிறது.' அவ்வளவுதான். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை.

ஆவுடையப்பன் அன்றே மாடி ஏறினார். இந்த இடத்தை அவர் என்னிடம் எத்தனை முறை சொன்னாலும் ஒரே மாதிரிதான் சொல்வார். அன்றைக்கு ஆடிக் காற்று பேயாக வீசியது, கதவு டமார் டமாரென்று அடித்துக்கொண்டே இருந்தது, கத்தித்தான் பேச வேண்டியிருந்தது என்பார்.

"ஒரே ஒரு ஆளு சார்! ஒத்தை ஆளுக்காக ஒரு வாரமா என் கண்ணு அவிஞ்சுபோச்சு!"

"போன வாரம் யாருமே இல்லைன்னீங்க அண்ணாச்சி."

ஆவுடையப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு அடுத்த புகாரைத் திறந்தார்.

தனிஸ்லாஸ் இறந்த பிறகும் அவர் விலகவில்லை. ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறார். கடைசி வரி மாறவில்லை. அலுப்பாக இருக்கிறது என்று சொல்லாத நாளில்லை. சொல்லிவிட்டு, "அந்த மழைமானிக்காரர்கிட்டேருந்து அப்புறம் ஒரு குறையும் வரலை. நல்லா ஓடுது போல" என்பார். அப்போது மட்டும் முகம் கொஞ்சம் இளகும்.

அந்த முகத்தைப் பார்த்துத்தான் இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கேட்டால் அவர் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒன்றை நானே பிடுங்கிவிடுவேனோ? கேட்காமலிருந்தால் அவரை நான் குழந்தையாக நடத்துகிறேனோ? ஒருவேளை அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிட்டது?

போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் அவர் மறுபடியும் அந்தக் கதையைச் சொன்னார். இந்த முறை கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு அந்தக் கதவு ஏன் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு? முட்டுக் கொடுத்திருந்த மெஷின் எங்க போச்சு?"