வெள்ளந்திக்குடியின் பைக் அணி பந்தயத்துக்குப் போன கதை

வெள்ளந்திக்குடி என்று ஒரு குட்டி நாடு இருக்கிறது. வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. பக்கத்து நாட்டின் பெயர் கொஞ்சம் நீளம். எழுதி முடிக்க இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்தை வெள்ளந்திக்குடியின் மேலேயே எழுதிவிட்டார்கள். அங்குள்ளவர்கள் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. எழுத்து விழுந்த பக்கம் வெயில் கொஞ்சம் குறையும் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டார்கள்.

அந்த நாட்டு விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் மாசானம். தங்கமான மனிதர். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான். ஏதாவது ஒரு சர்வதேசப் போட்டியில், மற்ற நாட்டுக் கொடிகளைப் போல வெள்ளந்திக்குடியின் கொடியும் ஏற வேண்டும். கொடியை அவர் மனைவி பேச்சியம்மாள் தன் கையால் தைத்துக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு போட்டிக்கும் அதை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். மடித்தபடியே கொண்டுவந்து பீரோவில் வைப்பார்.

வேறென்ன செய்வார்? நீச்சல் போட்டிக்குப் போனபோது, தண்ணீர் இவ்வளவு ஆட்டம் ஆடுகிறதே, அடங்கட்டும் என்று அவருடைய ஆட்கள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தடை தாண்டும் ஓட்டத்தில், பின்னால் வருகிறவர்கள் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று தடைகளையெல்லாம் எடுத்து ஓரமாக அடுக்கி வைத்தார்கள். கொடி அவிழாமலே பழசாகிக்கொண்டிருந்தது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் மாசானம் அதைத் தடவிக்கொடுப்பார்.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்து நாடு ஒரு பெரிய போட்டிக்கு அழைப்பு அனுப்பியது. காட்டிலும் மேட்டிலும் ஆறு நாள் பைக் ஓட்ட வேண்டும். நாட்டுக்கு மூன்று பேர். ஜெயிக்கக்கூட வேண்டாம், மூன்று பேரும் முடிவு மைதானத்துக்கு வந்து சேர்ந்துவிட்டால் போதும், அந்த நாட்டின் கொடியை ஏற்றிவிடுவார்கள். இதைக் கேட்டதும் மாசானம் குலுங்கிக் குலுங்கி அழுதார். பேச்சியம்மாள் கொடியை எடுத்து வெயிலில் காயப்போட்டாள்.

வெள்ளந்திக்குடியில் பைக் ஓட்டத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். பால்காரர் பலவேசம், தபால்காரர் ஆதிமூலம், கல்யாண வீடுகளுக்கு வாழையிலை கொண்டுபோகும் சொள்ளமுத்து. ஆகவே ஆள் எடுப்பதில் சிரமம் இல்லை. இருந்தாலும் முறைப்படி தேர்வு வைத்தார்கள். அதில் சொள்ளமுத்து தோற்றுவிட்டார். அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டு, பிறகு ஆள் குறைகிறதே என்று கூப்பிட்டு வந்தார்கள்.

பயிற்சி கொடுக்க அருமைநாயகம் என்பவரைப் பக்கத்து நாட்டிலிருந்து வரவழைத்தார் மாசானம். விஷயம் தெரிந்தவர், பொறுமைசாலி. அதாவது வரும்போது பொறுமைசாலியாக இருந்தார்.

“மூணே விஷயம்தான். நல்லா மனசுல வச்சுக்குங்க,” என்றார் அருமைநாயகம். “ஒண்ணு, இது ரோட்டுல ஓட்டுற பந்தயம் இல்ல. பாதையே இல்லாத இடத்துல ஓட்டணும். ரெண்டு, ஓட்டுறவரைத் தவிர வேற யாரும் வண்டியில கை வைக்கக் கூடாது. மூணு, ராத்திரி வண்டியையெல்லாம் ஒரு இடத்துல பூட்டி வச்சிருவாங்க. விடியுற வரைக்கும் யாரும் கிட்ட போகக் கூடாது.”

மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு திருப்பிச் சொன்னார்கள். மாசானமும் சேர்ந்து சொன்னார். முதல் நாள் கிழக்கு மலைச் சரிவில் ஓட்டச் சொன்னார் அருமைநாயகம். அட, பரவாயில்லையே என்று அவரே சொல்லும்படி ஓட்டினார்கள்.

மறுநாள் காலையில் மலையடிவாரத்துக்கு வந்து பார்த்தால், மூன்று பேரும் வண்டியை நிறுத்திவிட்டுக் கவலையோடு நிற்கிறார்கள்.

“என்னாச்சு? ஏறுங்க,” என்றார் அருமைநாயகம்.

“ஏற முடியாது சார். பாதை இருக்கு,” என்றார் பலவேசம்.

“பாதையா? எங்க?”

பலவேசம் கையை நீட்டிக் காட்டினார். சரிவில் மேலும் கீழுமாக டயர்த் தடம்.

“யோவ், அது நேத்து நீங்க ஓட்டுன தடம்!”

“அதத்தான் சார் நானும் சொல்லுதேன். நேத்து இங்க பாதை இல்ல, ஓட்டுனோம். இன்னைக்குப் பாதை கிடக்கு. பாதையில ஓட்டுனா தப்புல்லா?”

மாசானத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. “என் பயலுவ எப்படிப் புடிச்சானுவ பாத்தியளா சார்!” என்றார்.

அன்றைக்கு மேற்குச் சரிவுக்குப் போனார்கள். அடுத்த நாள் அதுவும் பாதையாகிவிட்டது. வறண்ட குளத்துக்குள் ஓட்டினார்கள், மிளகாய்த் தோட்டத்தில் ஓட்டினார்கள், சுடுகாட்டையும் விடவில்லை. நாடு கையகலம். சீக்கிரமே தடம் விழாத இடம் என்று ஒன்றுகூட மிச்சமில்லாமல் போயிற்று. மாசானம் அவசரக் கூட்டம் போட்டார்.

“வண்டியத் தோள்ல தூக்கிக்கிட்டு ஓடுனா டயர்த் தடம் விழாதுல்லா?” என்றார் சொள்ளமுத்து.

“கால் தடம் விழுமே,” என்றார் ஆதிமூலம்.

“செருப்பக் கழத்திட்டா?”

“அப்பவும் விரல் தெரியும். செருப்புப் போட்டா விரலாவது தெரியாது.”

இது ஆழமாக யோசிக்க வேண்டிய விஷயம் என்பதால் எல்லோரும் குனிந்து அவரவர் காலைப் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மாசானம்தான் வழி கண்டுபிடித்தார். தடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டால் பாதை போய்விடும்! சாயங்காலமே நாட்டுப் பெண்கள் எல்லோரும் வாரியலை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய், உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் ஒரு தூசு இல்லாமல் பெருக்கினார்கள்.

பெருக்கியதோடு நிறுத்தியிருக்கலாம். கை பழகின பழக்கம் விடுமா? பெருக்கின இடத்தில் தண்ணீர் தெளித்தார்கள். தண்ணீர் தெளித்த இடத்தில் கோலம் போட்டார்கள். விடிந்து பார்த்தால் மலை முழுக்கக் கோலம். வெள்ளந்திக்குடியில் யாரும் கோலத்தை மிதிக்க மாட்டார்கள், பைக்கில் ஏறி மிதிப்பார்களா? அணி முழுவதும் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தது. அன்றைய பயிற்சியில் பேச்சியம்மாளின் தேர்க்கோலத்துக்கு முதல் பரிசு கிடைத்தது.

அருமைநாயகம் தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டார்.

அடுத்து மழை பெய்து கோலத்தையெல்லாம் கரைத்தது. பலவேசம் சேற்றில் சறுக்கி விழுந்து, பைக் அவர் கால்மேல் சாய்ந்துகொண்டது. மாசானமும் மற்ற இருவரும் ஓடிவந்து சுற்றி நின்றார்கள்.

“தூக்குங்க அண்ணாச்சி, கால் வலிக்கி,” என்றார் பலவேசம்.

“வண்டியத் தொடக் கூடாதே தம்பி,” என்றார் மாசானம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்னையத் தூக்கலாம்லா?”

“உன்னைய இழுத்தா வண்டி அசையும். வண்டி அசைஞ்சா நாங்க தொட்ட மாதிரிதானே?” என்றார் ஆதிமூலம்.

பலவேசம் யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. “அப்பம் குடிக்கக் கஞ்சியாவது கொண்டாங்க,” என்றார்.

கஞ்சி வந்தது, துவையல் வந்தது, நனையாமலிருக்கக் குடை வந்தது. ஒருவர் விசிறினார். இத்தனையும் வண்டிமேல் படாமல் நடந்தது. தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவந்த அருமைநாயகம் இந்தக் காட்சியைப் பார்த்து, ஓடிவந்து, ஒரே மூச்சில் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். விதியை மீறிவிட்டார் என்று அவரை அன்றைக்கு முழுவதும் பயிற்சியிலிருந்து விலக்கி வைத்தார்கள். மாசானம் வருத்தத்தோடுதான் அதைச் செய்தார்.

மூன்றாவது விஷயம் பாக்கி இருந்ததல்லவா, அதையும் விட்டுவைக்கவில்லை. பழைய மாட்டுச் சந்தைத் தொழுவத்தில் வண்டிகளை விட்டுப் பூட்டினார்கள். சாவி யாரிடம் இருந்தாலும் ஆசை வந்துவிடும் என்று, பூட்டின கையோடு அதைச் சுவருக்கு மேலாக உள்ளே வீசிவிட்டார்கள். காலையில் அருமைநாயகம் சாவியைக் கேட்டார். “பத்திரமா உள்ளதான் இருக்கு சார்,” என்றார்கள்.

அன்றைக்கு வண்டி இல்லாமலே பயிற்சி நடந்தது. கையை ஹேண்டில்பார் மாதிரி நீட்டிக்கொண்டு, வாயால் சத்தம் கொடுத்துக்கொண்டு மூவரும் ஓடினார்கள். பாதி வழியில் சொள்ளமுத்து நின்றுவிட்டார். பெட்ரோல் தீர்ந்துவிட்டதாம். ஆதிமூலம் தன்னுடையதில் கொஞ்சம் ஊற்ற வந்தார். வேறு ஆள் வண்டியைத் தொடக் கூடாது என்று மாசானம் தடுத்துவிட்டார்.

மறுநாள் கொல்லரைக் கூப்பிட்டு, பூட்டைத் தொடாமல் கதவைக் கீலோடு பெயர்த்து, வண்டிகளை வெளியே எடுத்து, பூட்டிய கதவை மறுபடியும் மாட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அருமைநாயகம் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். “இனிமே உங்களுக்கு நான் சொல்லிக் குடுக்க ஒண்ணுமே இல்ல!” என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். இவ்வளவு சீக்கிரம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிட்டோமே என்று மாசானம் பூரித்துப்போனார். அணிக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார்.

போட்டி நாள் வந்தது. பக்கத்து நாட்டின் மைதானத்தில் எத்தனையோ நாட்டுக் கொடிகள், எத்தனையோ வண்டிகள், காது கிழியும் சத்தம். வெள்ளந்திக்குடி அணி கடைசி வரிசையில் நின்றது. முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். நம்மவர்கள் முறை வந்ததும் பலவேசம் வண்டியை அணைத்துவிட்டு மாசானத்தைக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் இங்க வந்து பாருங்க.”

மாசானம் வந்து பார்த்தார். இரண்டு பக்கமும் ரிப்பன் கட்டி, அம்புக்குறி போட்டு, நூற்றுக்கணக்கான டயர்த் தடத்தோடு பளிச்சென்று கிடந்தது பாதை. எல்லா நாட்டுக்காரர்களும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் அதிலேயே போய்க்கொண்டிருந்தார்கள்.

மாசானம் தலையில் கைவைத்துக்கொண்டார். “எவ்வளவு பெரிய பெரிய நாடு! இப்படி ஏமாத்தலாமா?” என்றார். கொடியைப் பார்த்தார், மூன்று பேரையும் பார்த்தார். “ஏல, நாம கொடி ஏறணும்னு குறுக்கு வழி போக வேண்டாம். அந்தா, அந்த முள்ளுக்காட்டுல பாதையே இல்ல. நீங்க அப்படிப் போங்க.”

மூன்று வண்டியும் ரிப்பனைத் தாண்டி முள்ளுக்காட்டுக்குள் புகுந்தன. மாசானம் கையெடுத்துக் கும்பிட்டார்.

முடிவு மைதானத்தில் அவர் கொடியோடு காத்துக்கிடந்தார். நாள் ஓடியது. கடைசி நாளில் ஒவ்வொரு நாட்டுக்காரர்களாக வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு கொடியாக ஏறியது. வெள்ளந்திக்குடிக்கென்று வைத்திருந்த கம்பம் மட்டும் மொட்டையாக நின்றது. கூட்டம் கலைந்தது, பந்தலைப் பிரித்தார்கள், கம்பங்களையும் பிடுங்க வந்தார்கள். “இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்கய்யா,” என்று மாசானம் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர்களும் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்கள்? அவர் கையை மெல்ல விலக்கிவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பஸ்ஸில் ஊர் வரைக்கும் அழுதுகொண்டே வந்தார். கொடிக்காகக் கொஞ்சம் அழுதார். அந்த மூன்று பிள்ளைகளும் எந்தக் காட்டில் கிடக்கிறார்களோ என்று நிறைய அழுதார்.

வீட்டு வாசலில் மூன்று பைக்குகள் நின்றன. மூன்று பேரும் உடம்பெல்லாம் முள்ளுக் கீறலோடு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்கள்.

“எங்க போனீங்க அண்ணாச்சி? எங்கள்லாமோ தேடுனோம்!” என்றார் பலவேசம்.

“நீங்க எங்கல போனிய?”

“பாதை இல்லாத இடமாப் பாத்து வந்துக்கிட்டே இருந்தோம். கடைசியா நம்ம நாட்டு எல்லையில, உங்க வீட்டுத் தொழுவத்துக்குப் பின்னால வந்து ஏறுனோம். அதுக்கு மேல ஓட்ட இடமில்ல, எல்லாம் ஏற்கெனவே நாம ஓட்டுன தடம். பாதை இல்லாத இடம் முடிஞ்சுபோச்சு. அப்பம் பந்தயமும் முடிஞ்சதுதானே?”

மாசானம் மெதுவாக உட்கார்ந்தார். “ஆனா அங்க எல்லாரும் வந்து சேந்தாங்களே. நான் கண்ணால பாத்தேனே.”

“எதுல வந்தாங்க?” என்று கேட்டார் ஆதிமூலம்.

“பாதையிலதான்.”

“பாதையிலயே போயி பாதையிலயே வந்தா அது பந்தயமா அண்ணாச்சி? நான் தபால் குடுக்கப் போறதும் அப்படித்தானே? அவங்க சும்மா ஊரச் சுத்திட்டு வந்திருக்காங்க.”

“அப்பம் நெசப் பந்தயத்துல?”

“மூணு பேரும் வந்து சேந்தது நாம மட்டும்தான். மத்தவங்க இன்னும் வரல.”

மாசானம் எழுந்து நின்றார். வைக்கோல் போர் நடுவில் நின்ற கம்பில் கொடியைக் கட்டி ஏற்றினார். அது முதல்முறையாக விரிந்து படபடத்தது. நாடே கூடி நின்று கை தட்டியது. மாசானம் வாய்விட்டு அழுதார். இந்த அழுகை நல்ல அழுகை.

கை தட்டி முடிந்ததும் பேச்சியம்மாளுக்குத்தான் அந்த நினைப்பு வந்தது. “ஐயோ, மத்த நாட்டுப் பிள்ளைங்க இன்னும் வரலியே! பசியோட வருமே!” என்று பெரிய பானையில் உலை வைத்தாள். பெண்கள் எல்லோரும் நாட்டுக்கு மூன்று இலை வீதம் போட்டு வைத்தார்கள்.

மாசானம் பந்தய அலுவலகத்துக்குப் போன் போட்டு, அங்கிருந்த அதிகாரியிடம் விவரத்தையெல்லாம் நிதானமாகச் சொன்னார். “நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. உங்க ஆளுங்க எங்க பக்கம் வந்து சேந்ததும் சோறு போட்டுப் பத்திரமா அனுப்பி வைக்கோம்,” என்றார். பிறகு கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, போனைக் கீழே வைத்தார்.

“என்ன சொன்னாரு?” என்று எல்லோரும் கேட்டார்கள்.

“பேச்சே வரல அவருக்கு,” என்றார் மாசானம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பாவம். ஒரு நாட்டு ஆளத் தொலைச்சாலே தாங்க முடியாது. எல்லா நாட்டு ஆளையும் ஒண்ணாத் தொலைச்சிட்டு நிக்காரு.”