கடலுக்கு வாயு பிடிச்ச கதை

மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பிளாண்டில் கரண்ட் போய்விட்டது. நெத்திலிக் கூடையோடு நின்றவர்கள் நிழலுக்கு ஒதுங்கினார்கள். பழைய ஃபிட்டர் பெர்க்மான்ஸுக்கு அது போதும்.

"கடல்தண்ணியிலயே கரண்ட் எடுத்தவன் நான். எனக்கே கரண்ட் கட்டா?"

"ஆரம்பிச்சிட்டாரு" என்றாள் ஜெசிந்தா. மீன் ஏலம் எடுப்பவள், அவர் பெண்டாட்டிக்குத் தங்கை.

"கேளு கொழுந்தியா. ஒரு தீவுக்குப் பக்கத்துல பெரிய மிதவை கட்டி, அதுல மெஷின் வச்சிருந்தாவ. கடல்ல மேல்தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், ஆழத்துத் தண்ணி ஐஸா இருக்கும், தெரியும்லா? காத்தே இல்லாத தொட்டிக்குள்ள மேல்தண்ணிய விட்டா அடுப்பில்லாமலே ஆவியாவும். அந்த ஆவி டர்பைனச் சுத்திட்டு, ஆழத்துத் தண்ணி ஓடுத குழாய்ல பட்டு நல்ல தண்ணியா இறங்கும். கரண்டும் ஆச்சு, குடிதண்ணியும் ஆச்சு."

"அதுல உமக்கு என்ன வேல வே?" என்றார் போட் ஓனர் தொபியாஸ்.

"கடல்தண்ணியில காத்து கரைஞ்சு கெடக்கும், சோடாவுல கேஸ் மாதிரி. அது தொட்டியில போய் அடைச்சிக்கிட்டா ஆவி நகராது, எல்லாம் படுத்துரும். அதனால அந்தக் காத்த முதல்லயே பிரிச்சு உறிஞ்சி வெளிய தள்ளணும். உறிஞ்சுத பம்புக்கு நான்தான் ராஜா. ஆயில் ஊத்த மறந்த ராஜா. திறப்பு விழா அன்னைக்குக் காலையில பம்பு உயிர விட்டுட்டு."

பெர்க்மான்ஸ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தீவுல கிணறெல்லாம் உப்பு. இன்னைக்கு நல்ல தண்ணி வரும்னு முந்நூறு குடும்பம் குடத்தோட கரையில நிக்கி. ஒரு கிழவி சருவச்சட்டிக்குப் பூ வேற சுத்தியிருக்கா. இஞ்சினீயரம்மா மதுரவல்லி என்கிட்ட வந்து, 'ஆயில் ஊத்துனீங்களா?'ன்னு கேட்டாவ. 'ஊத்துனேன் மேடம்'னேன். நான் சொன்ன ஒரே பொய் அதுதான்."

ஜெசிந்தாவுக்குப் புரையேறியது.

"அந்தச் சனங்க மூஞ்சியப் பாக்க முடியல. பம்புல இருந்த ஓஸ் குழாயக் கழட்டி வாயில வச்சேன். இழுத்தேன் ஒரு இழுப்பு! கன்னம் ரெண்டும் பூசணிக்கா. ரெண்டாவது இழுப்புல சட்டைப் பித்தான் தெறிச்சு, எட்டு மைலுக்கு அந்தால போன கப்பல்ல மணியடிச்சிது. மூணாவது இழுப்புல சுத்துவட்டாரக் கடல்ல காத்தே கிடையாது. மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்து, 'அண்ணாச்சி, எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க'ங்குது."

"மீன் பேசிச்சா?"

"பேசல வே. வாய் அசைஞ்சுது. நான் புரிஞ்சிக்கிட்டேன்."

"பெறவு?"

"டர்பைன் சுத்துச்சு! தீவு முழுக்க லைட்டு! குழாய்ல தண்ணி கொட்டுது, குடம் குடமா நிறையுது. கிழவி அழுதா. நானும் அழுதிருப்பேன், ஆனா வாயத் தொறக்க முடியாத நிலைம. அப்பத்தான் பாக்கேன், காலு தரையில இல்ல! பலூன் மாதிரி எழும்பிட்டேன். நங்கூரக் கயித்த என் இடுப்புல கட்டுனாவ. எண்ணூறு டன் மிதவையும் என்கூட எழும்பிட்டு! ஆழத்துக் குழாய் ஆயிரம் மீட்டரும் அந்தரத்துல தொங்குது. நுனியில ஒரு கணவா எட்டுக் கையாலயும் கும்பிடுது."

"கணவாய்க்குப் பத்துக் கை" என்றார் தொபியாஸ்.

"ரெண்டு கையால குழாயப் புடிச்சிருந்துச்சு வே! கீழ இருந்து மதுரவல்லி அம்மா, 'காத்த விடுங்க, காத்த விடுங்க'ன்னு கத்துதாவ. நான் எப்படி விட? பொம்பளைங்க நிக்கிற இடம். மானஸ்தன். கண்ணுல தண்ணி முட்டுது, அடக்குதேன், அடக்குதேன்... முடியல. விட்டேன் ஒரு ஏப்பம்!"

ஜெசிந்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மிதவ இலங்கைய மூணு சுத்து சுத்துச்சு. மூணாவது சுத்துல அங்க உள்ளவங்க எங்களுக்குக் கை காட்ட ஆரம்பிச்சிட்டாவ. திரும்பி வந்து பாத்தா, என் காத்து முழுக்கக் குடத்துக்குள்ள போயிருக்கு. முந்நூறு வீட்டுத் தண்ணியும் சோடா! ஒரு வாரம் சோடாவுலதான் ஒல வச்சாவ. சோறு பானையில இருந்து தானா குதிச்சு எலையில வந்து உக்காந்துச்சு. பச்சப்புள்ள கூட ஏப்பம் விட்டுத்தான் பேசுச்சு."

"வேலைய விட்டுத் தூக்கியிருப்பாவளே?" என்றார் தொபியாஸ்.

"தூக்கவா? பம்பக் கழட்டிட்டு அந்த எடத்துல என்னைய மாட்டிட்டாவ. ஆள் லிஸ்ட்டுல பேர அடிச்சு மெஷின் லிஸ்ட்டுல எழுதுனாவ. வருசத்துக்கு ஒருக்கா சர்வீஸ், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா பெயிண்ட்."

ஜெசிந்தா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "அதான் அத்தான், அக்கா உங்கள பழைய இரும்புக்குப் போட ஆள் தேடுதா."

"தேடுனா" என்றார் பெர்க்மான்ஸ். "ரெண்டு பேரு வந்து தட்டிக்கூடப் பாத்தானுவ. உள்ள வெறும் காத்துதான், வேண்டாம்னு போயிட்டானுவ."